ஹோல்டர் ரிப்போர்ட்டில் ராத்திரி எங்கே?

அறுபதைத் தாண்டிய நம்மில் பலர் வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எக்கோ, பழைய மருந்துச் சீட்டுகள், இவற்றுக்கு நடுவில் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு ஹோல்டர் ரிப்போர்ட். நெஞ்சில் நாலைந்து ஒட்டிகளை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, "நாளைக்கு இதே நேரம் வந்து கழற்றிக்கிடுங்க, அதுவரைக்கும் குளிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவார்களே, அதுதான். 24 மணி நேரம், சுமார் ஒரு லட்சம் இதயத் துடிப்புகள், ஒன்றுகூட விடாமல் பதிவாகிறது.

அந்த ரிப்போர்ட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். மொத்தத் துடிப்பு இத்தனை, சராசரி இத்தனை, அதிகபட்சம், குறைந்தபட்சம், இடையில் தப்பித் துடித்தவை இத்தனை. கீழே இரண்டு வரியில் முடிவு, ஒரு கையெழுத்து. நாம் பணம் கட்டியது 24 மணி நேரத்துக்கு. அதில் ஆறேழு மணி நேரம் நாம் தூங்கியிருக்கிறோம். அந்தத் தூக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? நான் வாங்கிப் பார்த்த ரிப்போர்ட் எதிலும் இல்லை. இந்த வயதில் யாரோடும் மல்லுக்கட்ட எனக்கு ஆசை கிடையாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நம் இதய டாக்டர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நீங்களும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தூக்கத்தில் மூச்சு நிற்கிற நோயைப் பற்றித்தான் பேச்சு. டாக்டர்கள் ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். குறட்டை என்றால் நமக்குச் சிரிப்பு. கும்பகர்ணன் என்று பட்டம் வைத்தாயிற்று, கல்யாண வீட்டில் அவருக்குத் தனி அறை கொடுத்தாயிற்று, முடிந்தது விஷயம். 'நல்லா அசந்து தூங்குதார், கொடுத்து வச்சவர்' என்று பொறாமைப்படுகிறவர்களும் உண்டு. 2022 பிப்ரவரியில் மும்பையில் பாடகர் பப்பி லஹிரி 69 வயதில் இறந்தபோது, அவருக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் சொன்ன காரணம் இந்த நோய்தான். அன்றைக்குப் பத்திரிகை படித்த பல பேருக்கு முதல் கேள்வி, 'குறட்டைக்கெல்லாமா ஆள் போவார்கள்?' என்பதுதான்.

உள்ளே நடப்பது இது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்கிறது. சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் போகிற வழியே மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சு இழுக்கப் போராடுகின்றன, காற்று மட்டும் உள்ளே போகாது. 10 விநாடி நின்றால் கணக்கில் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். 20, 30 விநாடி சர்வசாதாரணம். ஒரு நிமிடம் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, இதயம் மெதுவாகிறது. கடைசியில் மூளை பயந்துபோய் ஆளை உசுப்புகிறது. ஒரு பெரிய உறுமலோடு தொண்டை திறக்கிறது. அந்த நேரத்தில் இதயம் தடதடவென்று ஓடுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது. அரை நிமிடத்தில் மறுபடியும் முதலிலிருந்து. இப்படி மணிக்கு 5 தடவைக்கு மேல் என்றால் நோய் ஆரம்பம், 15 என்றால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை.

இப்போது இதயத்தின் வேகத்தை மட்டும் ஒரு கோடாக வரைந்து பாருங்கள். மூச்சு நிற்கையில் கோடு இறங்கும், திறக்கையில் ஏறும். இறங்கும், ஏறும். ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக. ஒவ்வொரு பல்லும் ஏறக்குறைய ஒரு நிமிடம், அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு. தூக்கத்தில் இதயம் நிதானமாக, மூச்சுக்குத் தகுந்த மாதிரி லேசாக அசைந்துகொண்டிருக்க வேண்டும். அந்த நிதானத்தின் நடுவில் இந்த ரம்பப் பல் வந்தால் கண் தெரிகிற யாருக்கும் தெரியும்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர் என்பவர் 1947-இல் முதல் கருவியைச் செய்தபோது அதன் எடை சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டை மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும். அது சுருங்கிச் சுருங்கி இன்று தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த கிறிஸ்டியன் கில்லெமினோ, இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்களில் ஒருவர், 1984-இல் 'லான்செட்' இதழில் சக டாக்டர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்களுக்கு இதய வேகம் இப்படிச் சுழற்சியாக ஏறி இறங்குகிறது, ஆகவே 24 மணி நேர ஈ.சி.ஜி.யையே இந்த நோயைச் சலித்தெடுக்கும் சல்லடையாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் சாரம். கவனியுங்கள், 1984. இந்திரா காந்தி சுடப்பட்ட வருஷம். அன்றைக்கு நான் இலாகாவில் டிரங்க் கால் புகார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டிரங்க் காலே ஒழிந்துபோய்விட்டது. ஹோல்டர் ரிப்போர்ட்டின் முதல் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் இன்னொன்று நடந்தது. ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பென்செல் குழுவினர் பதிவு செய்த 70 இரவுகளை பிசியோநெட் என்ற இணையதளத்தில் போட்டு உலகத்துக்கே ஒரு போட்டி வைத்தார்கள். 35 இரவுகளுக்கு விடை கொடுத்திருந்தார்கள், மீதி 35-க்கு விடை மறைத்து வைத்திருந்தார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு ஈ.சி.ஜி. கம்பியின் பதிவு. மூச்சுக் கருவி இல்லை, ஆக்சிஜன் அளவு இல்லை. அதை மட்டும் வைத்து, இவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறைத்து வைத்ததில் தெளிவாக நோய் உள்ளவர், தெளிவாக இல்லாதவர் என்று 30 பேர். பல குழுக்கள் 30-க்கு 30 சரியாகச் சொல்லிவிட்டன. எந்த நிமிடத்தில் மூச்சு நின்றது என்பதையும் நிமிடத்துக்கு நிமிடம் சொல்லச் சொன்னார்கள். முதலாவதாக வந்தவர்களுக்கு நூற்றுக்கு 92-க்கு மேல் சரியாக வந்தது. இரண்டுங்கெட்டானாக இருந்த ஆட்களை அந்த முப்பதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜத்தில் நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டுங்கெட்டான்தான்.

அந்த ஒற்றைக் கம்பியில் இன்னொரு சேதியும் இருக்கிறது. மூச்சு இழுக்கையில் மார்பு விரிகிறது, இதயத்துக்கும் ஒட்டிக்கும் இடையே உள்ள நிலை மாறுகிறது. அதனால் ஈ.சி.ஜி.யில் கூர்மையாக எழும்பும் முனையின் உயரமும் மூச்சோடு கூடிக் குறைகிறது. மூச்சைத் தனியாக அளக்காமலே மூச்சின் நிழலைப் பிடித்துவிடலாம். டெலிபோன்காரனுக்கு இது வியப்பில்லை. ஒரே ஜோடிக் கம்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட பேச்சை அனுப்புவது எங்கள் தொழில்.

தொழில் என்று சொன்னதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 36 வருஷம் லைன் பழுது பார்த்தவன் நான். மழைக்காலத்தில் ஒரு புகார் வரும், 'போன் விட்டு விட்டு வருது' என்று. காலை பதினொரு மணிக்கு வெயிலில் டெஸ்ட் வைத்துப் பார்த்தால் எல்லா அளவும் சுத்தம். 'லைன் ஓகே' என்று எழுதிப் புகாரை மூடிவிடுகிற ஆள்களும் இலாகாவில் இருந்தார்கள். எங்கோ ஒரு கேபிள் ஜாயின்ட்டில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் அளவு எவ்வளவு என்று பார்க்கக் கூடாது, அளவு எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும், அதுவும் பழுது வருகிற நேரத்தில். மதியம் போய் ராத்திரிப் பழுதைத் தேடுகிறவனை எங்கள் சூப்பர்வைசர் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை இங்கே எழுத முடியாது.

என் தங்கச்சி மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், 66 வயது. ரத்த அழுத்தத்துக்கு மூன்று விதமான மாத்திரை, அப்படியும் 160-க்குக் கீழே இறங்காது. பேப்பர் படிக்க உட்கார்ந்தால் தலையங்கத்துக்குள் தூங்கிவிடுவார். வண்ணார்பேட்டை நெரிசலில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தவர் அப்படியே கண் அசந்து பக்கத்து ஆட்டோ மேல் சாய்ந்துவிட்டார். அது ஓடுகிற வண்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை ஹோல்டர் வைத்தார்கள், ஒரே ஆஸ்பத்திரியில். இரண்டிலும் சராசரி 70-ஐ ஒட்டி. இரண்டாவது தடவை மட்டும் ராத்திரி 3 மணி வாக்கில் துடிப்பு 38-க்கு இறங்கியிருக்கிறது, இடையில் இரண்டரை விநாடி ஒரு நிறுத்தம் என்று எழுதியிருந்தார்கள். உடனே பேஸ்மேக்கர் பேச்சு வந்துவிட்டது. பேஸ்மேக்கர் என்றதும் வீட்டில் அழுகை. நானும் கூடப் போயிருந்தேன். என் தங்கச்சி டாக்டரிடம் சொன்னாள்: "ராத்திரி இவங்களுக்கு மூச்சு நின்னு போகுது டாக்டர். நான் முழிச்சுக் கெடந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவேன். சில நேரம் முப்பது வரைக்கும் போயிரும். பயமால்லா இருக்கு." டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "வயசானா தூக்கம் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். முப்பது வரை எண்ணியிருக்கிறாள் ஒரு பொம்பளை, ஒவ்வொரு ராத்திரியும், பக்கத்தில் படுத்துக்கொண்டு. அந்த அறையில் இருந்த எல்லாக் கருவிகளையும்விடச் சரியான அளவு அவள் வாயில் இருந்தது. அதைக் குறித்துக்கொள்ளக்கூட அவர் பேனாவை எடுக்கவில்லை.

அமெரிக்க இதய மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, தூக்கத்தில் இதயம் மெதுவாவது தெரிந்தால் ஆப்னியா அறிகுறிகள் உண்டா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆக நான் கேட்பது ஓய்வூதியக்காரன் கற்பனை இல்லை, அவர்கள் புத்தகத்தில் இருப்பதுதான்.

பிறகு வேறு ஊரில், தூக்கத்துக்கென்றே இருக்கிற ஒரு இளம் டாக்டரிடம் போனோம். முதலில் கழுத்தை டேப் வைத்து அளந்தார், 43 சென்டிமீட்டர். ஒரு இரவு படுக்கவைத்துத் தலை முதல் கால் வரை ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 41 தடவை. பழைய ஹோல்டரின் முழுப் பதிவை சி.டி.யில் வாங்கிக் கொடுத்திருந்தோம். அவர் அதைத் திறந்து, ராத்திரி 2 மணியிலிருந்து பத்து நிமிடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ரம்பப் பல். பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு. நானே எண்ணினேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிவிலும் அதேதான். நோய் அங்கேயே, எங்கள் வீட்டு பீரோவுக்குள்ளேயே, பணம் கட்டி வாங்கிய பதிவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இப்போது அவர் ராத்திரியில் காற்று அழுத்தும் முகமூடி போட்டுத் தூங்குகிறார். ஒரு மாத்திரை குறைந்திருக்கிறது. பேஸ்மேக்கர் பேச்சு நின்றுவிட்டது. தலையங்கத்தை முழுக்கப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து அரசியல் பேசுகிறார், அது ஒன்றுதான் தொல்லை.

இதை நான் சொன்னால் டாக்டர்கள் தரப்பில் வருகிற பதில் எனக்குத் தெரியும். முழு இரவு ஆய்வுதான் முடிவான சோதனை, ஈ.சி.ஜி.யை வைத்து ஆப்னியா என்று சொல்லிவிட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். எங்கெல்லாம் இந்த முறை ஏமாற்றும் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு இந்த அலை தெரியாது, துடிப்பே தாறுமாறாக இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் பலன் குறைவு. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அலை மழுங்கலாம். இருபது வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயத்துக்குப் போகிற நரம்புகளே சோர்ந்திருக்கும், கோடு தட்டையாகப் போகலாம். தூக்கத்தில் கால் உதறுகிறவர்களுக்கு மூச்சு ஒழுங்காக இருந்தும் இதே மாதிரி அலை வரலாம். ஆகவே ரம்பப் பல் தெரிந்தால் நோய் உறுதி என்றோ, தெரியாவிட்டால் நோய் இல்லை என்றோ நான் சொல்லவில்லை. வாசலில் மணி அடிக்கிறது, கதவைத் திறந்து யாரென்று பாருங்கள் என்கிறேன். மணி அடிப்பவர் யாரென்று உறுதியாகத் தெரியாததால் மணியையே கழற்றி வைத்துவிடுவது என்ன நியாயம்?

முழு இரவு ஆய்வு என்று சொல்வது சுலபம். நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் அது எங்கே இருக்கிறது? பெரிய ஊருக்குப் போக வேண்டும், ஒரு ராத்திரி தங்க வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். எய்ம்ஸ் டாக்டர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் போட்ட கணக்கில், இந்தியாவில் வயது வந்தவர்களில் சுமார் 11 சதவீதம், அதாவது பத்துக் கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று வந்தது. பத்துக் கோடிப் பேரைப் படுக்கவைக்க எத்தனை கட்டில் வேண்டும்? யாரை முதலில் அனுப்புவது என்று சலிக்க ஏதாவது ஒன்று வேண்டும். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிற பதிவைவிட மலிவான சல்லடை எது?

இன்னொரு பக்கம், விஷயம் தெரிந்தவர்களே எண்ணிக்கை ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மணிக்கு இத்தனை தடவை என்பதும் ஒரு சராசரிதானே? ஒருவருக்குக் கனவு காண்கிற நேரத்தில் மட்டும், அல்லது மல்லாந்து படுக்கையில் மட்டும் மூச்சு நிற்கும். ராத்திரி முழுவதற்கும் வகுத்தால் 6 என்று வரும், 'லேசுதான், எடையைக் குறைங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அரைகுறையாகத் தடைபடுகிற மூச்சை எண்ணுவதற்கு ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதும் என்று ஒரு விதி, 4 சதவீதம் இறங்க வேண்டும் என்று இன்னொரு விதி. விதியை மாற்றினால் அதே ஆளுக்கு, அதே ராத்திரிக்கு, வேறு எண் வரும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நின்றது, ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் இறங்கியது, இதயம் எவ்வளவு துள்ளியது என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் காணாமல் போய்விடும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை எல்லோரும் வாங்கினோம். அந்தக் கருவிக்கு அடிப்படை போட்ட ஜப்பானியர் டகுவோ அயோயாகி, உலகமே அதை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் இறந்தார். காலையில் காப்பி குடித்துவிட்டு மாட்டிப் பார்த்தால் 97 காட்டும். அதில் நமக்குத் தெரிவது ஒன்றுமில்லை. ராத்திரி முழுக்கப் பதிகிற வகையைக் கட்டினால் அதுவும் ரம்பமாக வரும், இல்லையா என்று தெரிந்துவிடும். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று எச்சரித்தது. நம் நிறத்துக்கு அது முக்கியமான செய்தி. எண் எவ்வளவு என்பதை மட்டும் நம்பாமல் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வாங்கி அனுப்புகிற கைக்கடிகாரம் பற்றியும் கேட்பீர்கள். 2024-இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சாம்சங், ஆப்பிள் இரண்டின் கடிகாரங்களுக்கும் ஸ்லீப் ஆப்னியா எச்சரிக்கைக்கு அனுமதி கொடுத்தது. சாம்சங் ரத்த ஆக்சிஜனின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது, ஆப்பிள் மணிக்கட்டின் நுண்ணிய அசைவைப் பார்க்கிறது. இரண்டும் நடுத்தரம், கடுமை என்ற வகைகளுக்கான எச்சரிக்கை, நோய்க் கண்டறிதல் கிடையாது. எச்சரிக்கை வந்தால் டாக்டரிடம் போங்கள். வராவிட்டால், 'கடிகாரமே சொல்லிவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை' என்று இருந்துவிடாதீர்கள். கடிகாரக் கம்பெனிகள் ராத்திரியைப் படிக்கத் தொடங்கிவிட்டன, ஆஸ்பத்திரிகள் இன்னும் தொடங்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு எரிச்சல்.

நாடி பார்த்தே இதையெல்லாம் சித்தர்கள் சொல்லிவிட்டார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் சொல்லிவைக்கிறேன். நாடி பார்ப்பது பகலில், ஆள் விழித்திருக்கும்போது. நம் வழக்கு ராத்திரியைப் பற்றியது.

'கண்டுபிடித்து என்ன பயன், யாரும் முகமூடி போட்டுக்கொள்வதில்லையே' என்பது இன்னொரு வாதம். அந்த முகமூடியை 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் வெளியிட்டபோது, வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை ஊத வைத்தார். அன்று அது பேய் இரைச்சல், இன்றைய கருவி மேஜை மேல் முனகாமல் இருக்கிறது. 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இதயநோய் உள்ள 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. முகமூடி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை என்று அதில் முடிவு வந்தது. உண்மைதான். அதே ஆய்வில் அவர்கள் அதைப் போட்டுக்கொண்டது ராத்திரிக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் சொச்சம். அரைத் தூக்கத்துக்குப் போட்ட முகமூடி, முழுத் தூக்கத்துக்கு என்ன செய்யும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்குப் பகல் தூக்கம் குறைவது சின்ன விஷயமா?

எனக்கு உண்மையில் பயம் வேறு ஆள்களை நினைத்துத்தான். மாப்பிள்ளைக்கு எண்ணுவதற்கு என் தங்கச்சி இருந்தாள். எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். குறட்டை என்றால் ஆம்பிளை வியாதி என்று நினைக்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. அவர்கள் டாக்டரிடம் போனால் சொல்வது 'அசதியா இருக்கு, காலைல தலை வலிக்கு, தூக்கம் சரியில்ல' என்பதுதான். கைக்குக் கிடைப்பது சத்து மாத்திரை அல்லது தூக்க மாத்திரை. ராத்திரி மூச்சு நிற்கிறது என்று அவர்களுக்கே தெரியாது, சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்படி ஒருத்திக்கு என்றாவது படபடப்பென்று ஹோல்டர் வைத்திருந்தால், அவள் ராத்திரிக்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்காமலே வழக்கை முடிக்கிறோம்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ஹோல்டர் ரிப்போர்ட்டில் ஒரு வரி கூட்டுங்கள்: தூங்கிய நேரத்தில் துடிப்பு சுழற்சியாக ஏறி இறங்கியதா, ஆம், இல்லை, சொல்ல இயலாது. வேகத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதி பல மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது. டெக்னீஷியனுக்கு ராத்திரிப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகலாம். நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஹோல்டர் வைக்கப் போனால் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று அவர்கள் தருகிற தாளில் எழுதிக் கொடுங்கள். முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் பக்கத்தில் படுக்கிறவரை உள்ளே கூட்டிப் போங்கள், அவரைப் பேச விடுங்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் மருத்துவ முகாமில் எப்போதும் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, இந்த மூன்றுதான். கனடாவில் டொரண்டோ நகரத்தில் ஃபிரான்சஸ் சங் என்ற மயக்க மருந்து டாக்டர் 2008-இல் கொண்டுவந்த எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. குறட்டை உண்டா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, இப்படிப் போகும், அதில் கழுத்துச் சுற்றளவும் ஒன்று. மூன்றோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இந்த முறை முகாமில் அந்தத் தாளையும் வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய ஹோல்டர் ரிப்போர்ட் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கழுத்தை அளக்க இஞ்சு டேப் நான் கொண்டு வருகிறேன், டெய்லர் கடையில் சொல்லி வைத்தாயிற்று.